முருங்கைத் தூளிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட்: சாறு இறக்கும் முறையும் சறுக்கும் இடங்களும்

ஒரே மூட்டையிலிருந்து எடுத்த முருங்கை இலைத் தூளை இரண்டு பேரிடம் கொடுத்து, கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் பாலிஃபீனால் (செடிகளில் உள்ள ஒரு ஆன்டிஆக்சிடன்ட் வகை) என்று கேட்டால், ஒருவர் 11 என்பார், இன்னொருவர் 50 என்பார். இருவர் கையிலும் பிழை இல்லாமல் இருக்கலாம். எதை எதனால் வகுத்தார்கள் என்பதில் இருக்கிறது அந்த வித்தியாசம். அதைப் பிறகு கணக்குப் போட்டே பார்ப்போம். அதற்கு முன்னால், சரக்கு உண்மையிலேயே தொலைந்துபோகிற இடங்கள் நான்கைந்து உண்டு. எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்களும், தூள் விற்பதோடு நிற்காமல் எக்ஸ்ட்ராக்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிற சிறு உற்பத்தியாளர்களும் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

முருங்கை இலையில் நாம் தேடுவது முக்கியமாக குவெர்செட்டின், கெம்ஃபெரால் என்ற இரண்டு ஃபிளேவனாய்டுகளை, அதாவது பாலிஃபீனால் குடும்பத்துப் பொருள்களை. இலையில் இவை பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய கிளைகோசைடுகளாக இருக்கின்றன. கூடவே குளோரோஜெனிக் அமில வகைகள். சர்க்கரை ஒட்டியிருப்பதால் நீரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் நன்றாக இறங்கும். கரோட்டினும் வைட்டமின் ஈயும் எண்ணெயில் கரைகிற ஜாதி. அவற்றுக்கு ஹெக்சேனோ அசிட்டோனோ வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கரைப்பானில் எடுத்துவிடலாம் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. வைட்டமின் சி பச்சை இலையில் தாராளமாக இருக்கும். காய்ந்து தூளாவதற்குள் பெரும்பகுதி போய்விடும். அதைத் தூளில் தேட வேண்டாம்.

காய வைப்பதும் அரைப்பதும்

முதல் இழப்பு, கரைப்பான் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பறித்த இலை வாடத் தொடங்கியதும் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பாலிஃபீனாலும் அதைச் சிதைக்கும் நொதியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுப்பது இதே பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியால்தான். மழைக்காலத்தில், காற்றோட்டமில்லாத அறையில் மூன்று நான்கு நாள் நிழலில் கிடக்கும் இலையில் அத்தனை நாளும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். நிழலில் காயவைத்தால் சத்து போகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். வெயிலோடு ஒப்பிட்டால் அது சரி. மெதுவாகக் காய்வதற்கு உள்ள விலையை அந்தப் பேச்சு கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் பரிந்துரை இது. காம்பையும் ஈர்க்கையும் உருவிவிட்டு, இலையை ஆவியில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் காட்டுங்கள். கொதிநீரில் போட வேண்டாம், வேண்டியதே நீரில் இறங்கி வீணாகும். பிறகு டிரேயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி 45 முதல் 50 டிகிரி செல்சியஸில், காற்று ஓடும் டிரையரில் உலர்த்துங்கள். கசக்கினால் இலை சட்டென்று நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இறுதி ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். 2 கிராம் தூளை 105 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து இதைப் பார்க்கலாம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கடைசிக் கணக்குக்கு வேண்டும்.

அரைக்கும்போது மிக்ஸி ஜார் சூடாகிவிடும். 10 அல்லது 15 விநாடி ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தூள் 40 மெஷ் சல்லடையில், அதாவது சுமார் 0.42 மில்லிமீட்டர் கண்ணில், முழுவதும் இறங்க வேண்டும். சல்லடை மேல் தங்கியதைத் தூக்கிப் போடாதீர்கள். நரம்பும் காம்புத் துணுக்கும் அதில்தான் அதிகம். போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது நீங்கள் எடுத்துக்கொண்ட இலையின் சராசரி ஆகாது. மறுபடி அரைத்து இறக்கி ஒன்றாகக் கலக்க வேண்டும். மாவு போல மிக நைசாக அரைப்பதிலும் லாபம் குறைவு. கரைப்பான் உள்ளே போவது கொஞ்சம் வேகமாகும், ஆனால் வடிதாள் அடைத்துக்கொண்டு அரைமணி நேர வேலை மூன்று மணி நேரமாக இழுக்கும். அந்த மூன்று மணி நேரமும் சாறு காற்றிலும் வெளிச்சத்திலும் நிற்கிறது.

கரைப்பான்: ஏன் 70 சதவீதம்?

இங்கே ஆல்கஹால் என்பது எத்தனால். தனி எத்தனாலை ஊற்றினால் காய்ந்த செல் சுவர் ஊறுவதில்லை. பச்சையமும் மெழுகும் அள்ளிக்கொண்டு வரும், சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டு பாதி உள்ளேயே தங்கும். தனி நீரில் சுவர் நன்றாக ஊறும். கூடவே புரதம், சர்க்கரை, வழவழப்பான பசை எல்லாம் இறங்கி, வடிகட்டவே முடியாத கொழகொழப்பாகிவிடும். ஆவி காட்டாத தூளாக இருந்தால் தூங்கிக்கிடந்த நொதிகளும் நீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். நீர் ஊறவைக்கிறது, எத்தனால் பிடித்து இழுக்கிறது, நொதியையும் புரதத்தையும் உறைய வைக்கிறது. இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கிற இடம் எத்தனால் 50 முதல் 80 சதவீதம் வரை. முருங்கைக்கு 70-ல் தொடங்குங்கள்.

95 சதவீத எத்தனாலான ஸ்பிரிட்டிலிருந்து ஒரு லிட்டர் 70 சதவீதம் செய்ய 737 மில்லி ஸ்பிரிட் வேண்டும். மீதி 263 மில்லி தானே என்று நீரை அளந்து ஊற்றினால் லிட்டர் நிறையாது. எத்தனாலும் நீரும் கலக்கும்போது கன அளவு சுருங்கும், கொஞ்சம் சூடும் ஆகும். குடுவையில் ஸ்பிரிட்டை ஊற்றி, நீரைச் சேர்த்துக் கலக்கி, ஆறிய பிறகு கோடு வரை நிரப்புங்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். போர்வெல் தண்ணீரில் இரும்பும் காரத்தன்மையும் இருக்கும். பாலிஃபீனால் காரத்தில் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடையும், இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். நெல்லிக்காயை இரும்பு வாணலியில் வதக்கினால் கறுப்பது இதனால்தான். அதனால் பாத்திரம் கண்ணாடி அல்லது நல்ல எவர்சில்வர். இரும்பும் செம்பும் கிட்டேயே வரக்கூடாது.

ஸ்பிரிட் வாங்குவதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தேவை. கல்லூரி ஆய்வகத்துக்கும் இது பொருந்தும். அனுமதி வாங்கச் சோம்பி பெயின்ட் கடை டினேச்சர்டு ஸ்பிரிட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் மெத்தனால் உள்ளிட்ட நச்சுகள் கலந்திருக்கும். ஆவியாக்கிவிட்டோம் என்று நம்பி அந்தச் சாற்றை யாரும் வாயில் வைக்கக்கூடாது. மெத்தனால் கரைப்பானும் அப்படித்தான். ஆய்வுக்கு நன்றாக வேலை செய்யும், உணவுப் பொருளுக்கு ஆகாது.

பச்சை இலையை விழுதாக அரைத்து நேராக எடுக்கக்கூடாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். 100 கிராம் பச்சை இலையில் நீரே 78 கிராம் அளவு இருக்கும். அதில் 200 மில்லி 70 சதவீதக் கரைப்பானை ஊற்றினால் உள்ளே உண்மையில் இருப்பது சுமார் 50 சதவீத எத்தனால். 10 கிராம் தூளிலோ ஈரம் ஒரு கிராமுக்கும் குறைவு, கணக்கைக் கெடுக்காது.

மூன்று தடவை ஊற்றுவதன் கணக்கு

10 கிராம் தூளை 250 மில்லி கூம்புக் குடுவையில் போட்டு, முதலில் 20 மில்லி கரைப்பானை மட்டும் தெளித்துப் பிசறிப் பத்து நிமிடம் விடுங்கள். நேராக மொத்தத்தையும் ஊற்றினால் தூள் கட்டிகட்டியாகத் திரளும். கட்டியின் நடுப்பகுதி கடைசிவரை நனையாது. பிறகு இன்னும் 80 மில்லி ஊற்றி, வாயை மூடி, குடுவை முழுவதும் அலுமினியத் தாள் சுற்றி, 40 டிகிரியில் ஷேக்கரில் ஒரு மணி நேரம் வையுங்கள். மல் துணியில் வடித்துப் பிழிந்து, சக்கையை அதே குடுவையில் போட்டு 75 மில்லி, முக்கால் மணி நேரம். இன்னொரு முறை அதேபோல 75 மில்லி.

ஒரேயடியாக 250 மில்லி ஊற்றி ஒரு ராத்திரி வைத்துவிடலாமே என்று தோன்றும். இதன் கணக்கு எளிது. 10 கிராம் சக்கை பிழிந்த பிறகும் சுமார் 25 மில்லி சாற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவை 250 ஊற்றினால் அந்த 25 மில்லியோடு மொத்தச் சரக்கில் பத்தில் ஒரு பங்கு சக்கையில் போகிறது. மூன்றாகப் பிரித்தால், முதல் தடவை 100-ல் 25, அதாவது கால் பங்கு மிஞ்சும். இரண்டாவதில் அதன் கால் பங்கு. மூன்றாவதில் அதற்கும் கால் பங்கு. மிஞ்சுவது 1.6 சதவீதம்தான். செலவான கரைப்பான் அதே 250 மில்லி. நான்காவது தடவை ஊற்றுவது கரைப்பானை ஆவியாக்கும் வேலையைத்தான் கூட்டும்.

அல்ட்ராசோனிக் பாத் (ஒலி அலையால் நீரை அதிரவைக்கும் தொட்டி) இருந்தால் ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் போதும். அது ஓட ஓடத் தொட்டி நீர் தானாகச் சூடாகும். தெர்மாமீட்டர் வைத்து 45 தாண்டினால் ஐஸ் துண்டு போடுங்கள். கரைப்பானைக் கொதிக்கவிட்டு, அதன் ஆவியைக் குளிர்வித்துத் தூள் மேல் திரும்பத் திரும்பச் சொட்டவைக்கும் சாக்ஸ்லெட் கருவியை இந்த வேலைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இறங்கிய சாறு கீழ்க் குடுவையில் ஆறு மணி நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பது ஒரு காரணம். பலர் கவனிக்காத இன்னொன்று: 70 சதவீத எத்தனாலைக் கொதிக்கவிட்டால் மேலே போகும் ஆவியில் எத்தனால் 80 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். தூளின் மேல் சொட்டுவது நீங்கள் கலந்து வைத்த கரைப்பானே இல்லை. அறிக்கையில் மட்டும் 70 என்று எழுதப்படும்.

சூடு என்றாலே கெடுதல் என்றும் பயப்பட வேண்டாம். தேயிலையின் மொத்தப் பாலிஃபீனாலுக்கான சர்வதேசத் தர முறை 0.2 கிராம் தூளை 70 டிகிரியில், 70 சதவீத மெத்தனாலில், பத்துப் பத்து நிமிடமாக இரண்டே முறை எடுக்கச் சொல்கிறது. கெடுப்பது சூடும் நேரமும் காற்றும் சேர்ந்த கூட்டணி. பத்து நிமிடம் 70 டிகிரி பரவாயில்லை. ஆறு மணி நேரம் 80 டிகிரி ஆகாது.

சாற்றைக் காக்க லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்ப்பது நல்ல பழக்கம். உலோகத்தைக் கட்டிப்போடும், காரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் உலர்த்தும்போது அது ஆவியாகாது. 250 மில்லி கரைப்பானில் கால் கிராம் இருக்கும். உங்கள் உலர்ந்த எக்ஸ்ட்ராக்டே இரண்டரை கிராம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு நீங்களே போட்ட சிட்ரிக் அமிலம். மகசூலில் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது ஆவியாகிவிடக்கூடிய ஃபார்மிக் அமிலத்தை ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், சூட்டோடு சேர்ந்தால் கிளைகோசைடின் சர்க்கரையை வெட்டிவிடும்.

வடித்த சாற்றை வாட்மேன் 1-ஆம் எண் தாளில் இறக்கி, 250 மில்லி அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்பிக்கொள்ளுங்கள். அளவிடுவதற்கு 10 மில்லி தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சுண்ட வைக்கலாம்.

சுண்ட வைப்பது ரோட்டரி எவாப்பரேட்டரில் (வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி), பாத் 45 டிகிரிக்கு மேல் போகாமல். 40 டிகிரியில் எத்தனாலின் ஆவியழுத்தம் சுமார் 175 மில்லிபார், நீருடையது 74. அதனால் எத்தனால் முதலில் சுலபமாகப் போகும். நீர் மட்டும் மிஞ்சும்போது முருங்கையில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருளால் நுரை பொங்கும். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், வெற்றிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பொங்கி மறுபக்கம் போவதைத் தடுக்கலாம். எத்தனால் முழுவதும் போன கட்டத்தில் நிறுத்தி, மிஞ்சிய நீர்ச் சாற்றை 4 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்: பச்சையமும் மெழுகும் அடியில் கரும்பச்சைப் படிவாக இறங்கியிருக்கும். வடித்துவிட்டால் தேன் நிறத் தெளிவு கிடைக்கும். ஹெக்சேன் செலவு மிச்சம்.

எவாப்பரேட்டர் இல்லை என்று கேஸ் அடுப்பில் வைக்க நினைப்பவர்களுக்கு: 70 சதவீத எத்தனாலின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, சுமார் 17 டிகிரி. மார்கழி விடியலில்கூட நம் ஊர் அறை அநேகமாக அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். திறந்த தீ, ஸ்விட்ச் தெறிப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

அளவிடுவதும் அந்த 11-ம் 50-ம்

மொத்தப் பாலிஃபீனாலுக்கு ஃபோலின்-சியோகால்டு முறை: பாலிஃபீனால் பட்டதும் ஃபோலின் கரைசல் நீலமாகும், அந்த நீலத்தின் அடர்த்தியை அளப்பது. பத்து மடங்கு நீரில் நீர்த்த சாறு 0.5 மில்லி, பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் கரைசல் 2.5 மில்லி, ஐந்து நிமிடம் கழித்து 7.5 சதவீத சோடியம் கார்பனேட் 2 மில்லி. ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 765 நானோமீட்டரில் படியுங்கள். வரிசையை மாற்றக்கூடாது, காரத்தில் ஃபோலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், அது வேலை செய்யத் தொடங்கும் முன் பாலிஃபீனாலோடு கலந்திருக்க வேண்டும். பாட்டிலில் ஃபோலின் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை தட்டினால் கெட்டுவிட்டது. சாற்றை நீர்க்காமல் போட்டால் எத்தனாலில் கார்பனேட் கரையாமல் வெண்மையாகக் கலங்கும். கருவி அந்தக் கலங்கலையும் பாலிஃபீனாலாக எண்ணும். ஒப்பிடுவதற்கான காலிக் அமிலத்தில் மில்லிக்கு 0 முதல் 100 மைக்ரோகிராம் வரை ஆறு புள்ளிகள் போட்டு நேர்கோடு வரைந்துகொள்ளுங்கள்.

ஃபோலினும் சியோகால்டும் 1927-ல் இந்தக் கரைசலைக் கொண்டுவந்தது புரதத்தில் உள்ள டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் அளக்க. 1965-ல் சிங்கிள்டனும் ராசியும்தான் அதை ஒயின் பாலிஃபீனாலுக்குச் செம்மைப்படுத்தினார்கள். முருங்கை இலைத் தூளில் கால் பங்கு அளவு புரதம். ஆகவே நீரில் எடுத்த சாற்றுக்கு ஃபோலின் கொஞ்சம் கூட்டியே சொல்லும். 70 சதவீத எத்தனாலில் புரதம் பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. நீர்ச் சாற்றின் எண்ணையும் எத்தனால் சாற்றின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீர்தான் சிறந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது கணக்கு. நேர்கோட்டிலிருந்து மில்லிக்கு 44 மைக்ரோகிராம் என்று வந்தது என்று வையுங்கள். பத்து மடங்கு நீர்த்ததால் அசல் சாற்றில் மில்லிக்கு 0.44 மில்லிகிராம். 250 மில்லியில் 110. அதை 10 கிராம் தூளால் வகுத்தால் 11. தூளில் 8 சதவீதம் ஈரம், உலர் எடை 9.2 கிராம், அதனால் வகுத்தால் 12. 250 மில்லி சாறு முழுவதற்கும் 2.2 கிராம் உலர்ந்த எக்ஸ்ட்ராக்ட் என்று வந்திருந்தால், அதன் கிராமுக்கு 50. பொருள் ஒன்றே. லேபிளில் 50 என்று போட்டுவிட்டு எதன் கிராமுக்கு என்று எழுதாமல் விடுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

டிபிபிஎச் சோதனையை 1958-ல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்தினார். டிபிபிஎச் என்ற ரசாயனத்தின் ஊதா நிறக் கரைசல் ஆன்டிஆக்சிடன்ட் பட்டதும் மஞ்சளாக மாறுவதை 517 நானோமீட்டரில் பார்ப்பது. 0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மில்லி மெத்தனாலில் 3.94 மில்லிகிராம் வேண்டும். அவ்வளவு சின்ன எடையைச் சாதாரணத் தராசில் நம்ப முடியாது. 19.7 மில்லிகிராமை 50 மில்லியில் கரைத்து, அதைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அன்றன்று செய்து இருட்டில் வைக்க வேண்டும். 3 மில்லி இதோடு 1 மில்லி சாறு, அரைமணி இருட்டில். இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்காமல் விடுவது: டிபிபிஎச் இல்லாமல் வெறும் மெத்தனாலில் அதே அளவு சாறு சேர்த்த பிளாங்க் ஒவ்வொரு செறிவுக்கும் வேண்டும். மற்றொன்று, நீர்ச் சாற்றை அப்படியே அதிகம் ஊற்றுவது: டிபிபிஎச் நீரில் கரையாது, படிந்துவிடும், நிறம் குறைந்ததைப் பார்த்து ஆன்டிஆக்சிடன்ட் என்று எழுதிவிடுவார்கள். ஐ.சி.50 (டிபிபிஎச்சைப் பாதியாகக் குறைக்கத் தேவையான சாற்றின் செறிவு) மதிப்பு குறையக் குறைய வீரியம் அதிகம் என்பதையும், அது நீங்கள் எடுத்த டிபிபிஎச் செறிவைப் பொறுத்து மாறும் என்பதையும் மறக்காமல், அதே நாளில் அஸ்கார்பிக் அமிலத்தையோ (வைட்டமின் சி) டிரோலாக்ஸையோ (வைட்டமின் ஈ போன்ற ஒரு பொருள்) சேர்த்து ஓட்டி ஒப்பிடுங்கள்.

இந்த எண்கள் சோதனைக் குழாயில் நடந்ததைச் சொல்கின்றன. ஓராக் என்ற இதே வகைச் சோதனையின் உணவுப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-ல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. விளம்பரக்காரர்கள் அதை உடல்நலத்துக்கான மதிப்பெண் போலக் காட்டியதும், அந்த மதிப்புக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிரூபணமாகாததும் காரணங்கள். முருங்கை எக்ஸ்ட்ராக்ட் விற்கிறவர்கள் டிபிபிஎச் சதவீதத்தை நோய் தீர்க்கும் சான்றாக அச்சிடக்கூடாது என்று நாங்கள் உறுதியாகச் சொல்வதும் இதனால்தான்.

உலர்ந்த எக்ஸ்ட்ராக்ட் காற்றின் ஈரத்தை உடனே இழுத்துப் பாகாகிவிடும். தெளிந்த நீர்ச் சாற்றை ஃப்ரீஸ் டிரையரில் (உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் கருவி) உலர்த்தி எடுத்த கையோடு, சிறுசிறு பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில், ஒரு தடவைக்கு வேண்டிய அளவு மட்டும் போட்டு மூடி, சிலிக்கா ஜெல் இருக்கும் டப்பாவுக்குள் வைத்து மைனஸ் 20 டிகிரியில் சேமியுங்கள். குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். மாதம் ஒரு குப்பியை எடுத்து ஃபோலின் ஓட்டிப் பார்த்து, முதல் நாள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள். சக்கையைத் திறந்த வெளியில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் பரப்பி, ஸ்பிரிட் வாடை முழுவதும் போன பிறகு உரக்குழியில் போடலாம்.